ஓ.டி.யில போற பேராண்டிக்கு

ஏலேய் பேராண்டி, இங்கன வந்து ஒக்காரு. கோப்பையத் திண்ணையில வை. ரெண்டாம் பரிசுன்னாலும் நல்லாத்தான் மினுங்குது. ஒங்க ஆச்சி அதுல உப்புப் போட்டு வைக்கலாமான்னு இப்பவே கேட்டுட்டா.

காலையிலயே ஒங்க அப்பன் எங்கிட்ட வந்து பிராது குடுத்துட்டுப் போயிட்டான். "கபடிய விட்டுட்டுப் படிக்கச் சொல்லுங்கப்பா, நீங்க சொன்னாத்தான் கேப்பான்"னான். நானும் சரின்னேன். சரின்னுதான் சொன்னேன், சொல்லுதேன்னு சொல்லல. அவன் காலேஜுல படிச்ச காலத்துல ஒரு பந்தத் தொட்டவனும் இல்ல, ஒரு கோட்டத் தாண்டினவனும் இல்ல. அந்த மார்க் ஷீட்டு எல்லாம் எம் பெட்டியிலதான் கெடக்கு. கேட்டா காட்டுவேன், ஆனா அப்பன் மேல ஒனக்கு இருக்க கொஞ்ச நஞ்ச மரியாதயும் போயிரும். வெளயாடாதவன் எல்லாம் படிச்சுத் தள்ளியிருந்தா, நம்ம தெருவுல வீட்டுக்கு ஒரு கலெக்டர்லா இருக்கணும்.

அதனால கபடிய விடுன்னு நான் சொல்லப் போறதில்ல. கணக்குப் பாப்போம். நீ பி.காம் படிக்கிறவன், நான் சொல்லச் சொல்ல நீ எழுது. காலையில அஞ்சரைக்கு கிரவுண்டு, ஏழரைக்கு முடியும். அது 2 மணி நேரம். சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் இன்னொரு 2. வகுப்பு 5. தூக்கம் 8, ஆடுத ஒடம்புக்கு அது வேணும், அதுல கை வைக்காத. பஸ்ஸு, குளி, சாப்பாடுன்னு ஒரு 3 போட்டுக்க. எல்லாம் சேந்து 20 ஆச்சா? மிச்சம் 4 மணி நேரம் எங்கல? ஒன் கணக்குல காணோம். முக்கு டீக்கடைக் கணக்குல இருக்கு. நான் விசாரிச்சுட்டுத்தான் ஒக்காந்திருக்கேன்.

கபடி ஒரு மேட்ச் 40 நிமிஷம். ஒரு ரெய்டு 30 செகண்டு. அந்த 30 செகண்ட ஒருத்தன் செல்லுல எடுக்கான். இன்னொருத்தன் அத மெதுவா ஓட விட்டு, ரஜினி படத்து மியூசிக்க அடியில போட்டுக் குடுக்கான். நீ அத ஸ்டேட்டஸ்ல வைக்கே. வச்சுட்டு, யாரு யாரு பாத்தான்னு எண்ணுதே. பாக்காதவனுக்குப் போன் போட்டு "மாப்ள, பாத்தியா"ன்னு கேக்கே. பாத்தவன் கூட டீக்கடையில ஒக்காந்து, ரெண்டாவது பாதியில அந்த அம்பயர் குடுத்த போனஸு சரியா தப்பான்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் வழக்காடுதே. அரை நிமிஷ ரெய்டு, நாலு மணி நேரப் பஞ்சாயத்து. இதுல ஒன் படிப்பக் கெடுத்தது கபடின்னு ஒங்க அப்பன் சொல்லுதான். பாவம் கபடி, அது ஆறு மணிக்கே முடிஞ்சு விளக்கணச்சுட்டுப் போயிருச்சு.

அந்த ஃபிளெக்ஸையும் பாத்தேன். "தென்னகத்தின் வேங்கையே"ன்னு போட்டு, ஒன்ன நடுவுல நிறுத்தியிருக்கானுவ. சுத்தி ஒரு எட்டுப் பய மூஞ்சி. அதுல கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு விரலத் தூக்கிக் காட்டுதானே, அவனுக்கு இன்னும் நாலு அரியர் நிக்கி. ஃபிளெக்ஸுக்கு வசூல் பண்ணின காசுல அவனுக்கு அரியர் பீஸக் கட்டியிருந்தா அந்தப் பயலோட அம்மையாவது கும்பிட்டிருப்பா.

நீ படிக்கிறது சின்ன காலேஜு. அதுல ஒனக்கு ஒரு கொறை இருக்குன்னு தெரியும். ஒங்கூட ஸ்கூல்ல ஆடினவன் கோயமுத்தூருல பெரிய காலேஜுல சேந்துட்டான். அங்க ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலு, மேட்டு, ஆட்டத்துக்கு ஒரு கோச்சு, முட்டைக்கு ஒரு கணக்கு. ஒங்க காலேஜுல பாதி கிரவுண்டுல பைக்கு நிக்கி, மீதியில என்.எஸ்.எஸ். பயலுவ மரம் நட்டு வச்சிருக்கான். பி.டி. சார்தான் கோச்சு. அவருதான் வேன்காரன்ட்ட வாடகை பேசுதாரு, அவருதான் கால் பிசகுனா தைலம் தேய்க்காரு, அட்மிஷன் மாசத்துல ஊரு ஊராப் போயி ஆள் பிடிக்கவரும் அவரேதான். ஏழு பேரு உள்ள, அஞ்சு பேரு வெளிய, ஆக பன்னிரண்டு பேர் வேணும்னா அவரு படுத பாடு எனக்குத் தெரியும். அதனாலதான் கபடிக்குப் போன ஒன்னய வாலிபாலுக்கு நிறுத்துதாரு, ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு 400 மீட்டர்ல ஓட விடுதாரு, ஆள் பத்தலைன்னா குண்டெறியவும் சொல்லுதாரு. அதுக்கு நீ "சரி சார், சரி சார்"னு தலையாட்டுதே. இந்த எடத்துலதான் எம் பேரனுக்கு நாக்கு வேணும். கபடி ஒண்ணு. அதுக்கு மேல வேணும்னா ஓட்டம் ஒண்ணு. மூணாவதுக்கு வாயத் தொறந்து "முடியாது சார், இன்டர்னல் இருக்கு"ன்னு சொல்லு. அவரு கோவிப்பாரு, ஒரு நாளைக்கு. ஒன்ன விட்டா அவருக்கும் ஆளு கெடையாது. அது அவருக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும்.

சின்ன காலேஜுல ஒரு சௌரியமும் இருக்கு, அத நீ இன்னும் கண்டுக்கிடல. பெரிய காலேஜுல ஒரு கிளாஸுல எழுவது பேரு. வாத்தியாருக்கு நீ ஒரு ரோல் நம்பர். இங்க வகுப்புக்கு முப்பது பேரு. காமர்ஸ் எச்.ஓ.டி.க்கு ஒன் பேரு தெரியும், ஒன் ஊரு தெரியும், ஒங்க அப்பன் எந்த ரேஷன் கடையில அரிசி வாங்குதான்னும் தெரியும். நீ வரலைன்னா அந்த பெஞ்சு பொக்கைவாயாத் தெரியும். ஒளிய முடியாதுன்னு தெரிஞ்ச எடத்துல ஒளியறவன் கோட்டிக்காரன். போறதுக்கு முன்னால நீயா போயி நில்லு. "சார், புதன்கிழமையில இருந்து டோர்னமென்ட், கிளாஸ் போயிரும், என்ன நடத்துவீங்க"ன்னு கேளு. அப்படிக் கேட்ட ஸ்போர்ட்ஸ் பயல அவரு இதுவரைக்கும் பாத்திருக்கவே மாட்டாரு. அதிர்ச்சியிலேயே ரெண்டு மார்க் போட்டுருவாரு.

ஆனா நீ என்ன செய்யுதே? டோர்னமென்ட் முடிஞ்சு மூணு நாள் கழிச்சு, காலு நொண்டி நொண்டி, கையில ஓ.டி.ங்கிற ஆன் டியூட்டி லெட்டரோட போயி நிக்கே. எச்.ஓ.டி. கண்ணாடியக் கழத்திட்டுப் பாக்காரு. ஆடும்போது நொண்டாத காலு அவரு ரூம் வாசல்ல மட்டும் நொண்டுதுன்னு கண்டுபிடிக்க அவரு பி.எச்டி. படிச்சிருக்கத் தேவையில்ல.

இந்த ஓ.டி. சமாச்சாரத்தையும் சொல்லிருதேன். செமஸ்டருக்கு வேலை நாள் 90. வருகைப்பதிவு 75 சதவீதம் வேணும். அறுபத்தேழரைன்னு வரும், அரை நாளைக்கு யாரும் சலுகை தரமாட்டான், 68ன்னு வச்சுக்க. கொறஞ்சா கண்டோனேஷன் கட்டணும். ரொம்பக் கொறஞ்சா பரீட்சையே எழுத விட மாட்டாவ. ஓ.டி. இருந்தா போன நாளும் வந்த நாளாகும். இதக் கேட்ட ஒடனே நீங்க என்ன நெனச்சுட்டீங்கன்னா, வராமலே வந்துட்டோம்னு நெனச்சுட்டீங்க. ஓ.டி. ஆஜர் போடும்ல, பாடம் போடாது. நீ மதுரையில பாடிட்டு நிக்கும்போது இங்கன காஸ்ட் அக்கவுண்டிங்ல மூணு சாப்டர் போயிருச்சு. ரெஜிஸ்டர்ல நீ இருந்தே. கேள்வித்தாள் வந்து "நீ அன்னிக்கு இருந்தேல்லா, எழுது"ன்னு கேக்கும்.

டோர்னமென்ட்டுக்குப் புஸ்தகம் தூக்கிட்டுப் போன்னு ஒங்க அப்பன் சொல்லுவான். போகாத. பையில பாரந்தான். எந்தப் பய வேன்ல வச்சுப் படிச்சிருக்கான்? போகும்போது பாட்டு, வரும்போது ஜெயிச்சா கூத்து, தோத்தா தூக்கம். அதுக்குப் பதிலா, மொத பெஞ்சுல ஒக்காருத ஒரு புள்ளைட்ட சொல்லி வச்சுட்டுப் போ. வந்த அன்னிக்கே நோட்ட வாங்கி ஜெராக்ஸ் எடு. மறுநாள் இல்ல, அன்னிக்கே. நோட்டு வாங்கப் போன எடத்துல நோட்ட மட்டும் வாங்கிட்டு வா. புரியுதால? சிரிக்காத.

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. இன்டர்னல்ல மூணு டெஸ்ட் வச்சு, நல்லா எழுதின ரெண்ட எடுப்பாவ. ஒடனே நீங்க ஒரு புத்திசாலித்தனம் பண்ணுதீங்க: "ஒண்ண விட்டாலும் பரவாயில்லடா". மொத டெஸ்ட்டு டோர்னமென்ட்ல போச்சு. ரெண்டாவது, டோர்னமென்ட் போன களைப்புல போச்சு. மூணாவதுக்கு வரும்போது மூஞ்சிய பாக்கணுமே! கபடியில ரெண்டு ரெய்டு வெறுங்கையோட வந்தா மூணாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காம வந்தா அவுட்டு. அத ஒனக்கு நான் சொல்லித் தரணுமா? அதே ரூலு ஒன் வகுப்புலயும் ஓடுதுங்கது மட்டும் ஒனக்குத் தெரியல. ஆட்டத்துல மூணாவது ரெய்டுக்கு ஒன்னய அனுப்புவாவளா? கைதேர்ந்தவனத்தான அனுப்புவாவ. படிப்புல நீ ஒருத்தன்தாம்ல டீமு.

இன்னொண்ணு. தியரிப் பேப்பரு எல்லாம் கடைசி வாரத்துல கொதிக்கக் கொதிக்க முழுங்கிரலாம். பிசினஸ் லா, மார்க்கெட்டிங் எல்லாம் ஒன்ன மாதிரி பயலுவ முழுங்கிப் பாஸ் பண்ணிட்டுத்தான் இருக்கானுவ, நான் மறுக்கல. கணக்குப் பேப்பர் முழுங்க வராது. கை பழகணும். ஒரு நாளைக்கு ஒரு கணக்கு போடு, ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் கிரவுண்டுல இருந்து வந்து, குளிச்சுட்டு, டீக்கடைக்குப் போறதுக்கு முன்னால. அது அரை மணி நேரம். அதுக்கு அப்புறம் அம்பயரத் திட்டப் போ. நானும் கூட வாரேன்.

85 கிலோவுக்கு மேல போனா ஆட விடமாட்டாவன்னு போன மாசம் ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்தினே. ஒங்க ஆச்சி அழுதா. கஞ்சித்தண்ணியும் வெள்ளரிப்பிஞ்சுமா கெடந்து, விடிஞ்சா தராசு, அடைஞ்சா தராசு. அரைக் கிலோ எறங்கினதுக்கு வீட்டையே கூட்டிக் காட்டினே. அவ்வளவு வைராக்கியம் இருக்கவன், ரெக்கார்டு நோட்டு எழுத மட்டும் "நேரமில்ல தாத்தா"ங்கான். நேரத்துக்கு இல்ல கொறை. ரெக்கார்டு நோட்டுக்கு எவனும் விசில் அடிக்கல, அதான் கொறை.

சரி, இப்ப காரியத்துக்கு வாரேன். நீ ஆடி என்னல ஆகப் போறே? புரோ கபடி. தெரியும். 2014-ல அது ஆரம்பிச்சதுல இருந்து நம்ம பக்கத்துல ரெய்டு போற பய எல்லாம் ஏலத்துக்குக் காத்திருக்கான். 2022 ஏலத்துல தமிழ் தலைவாஸ் பவன் செராவத்த 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாவ. மொத மேட்ச்சுலயே முழங்கால்ல அடி. அந்த சீசன் பூராவும் வெளியதான். அவரு பெரிய ஆட்டக்காரர். அடுத்த வருஷமே தெலுங்கு டைட்டன்ஸ் அவர 2 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்துச்சு. அவரு முழங்காலுக்கு வைத்தியம் பாக்க ஒரு டீமே இருந்துச்சு. ஒன் முழங்காலுக்கு நாட்டு வைத்தியரு இருக்காரு, அவரும் செவ்வாக்கிழமை லீவு.

'பைசன்' படம் பாத்துட்டு வந்து நாலு நாளு மொறைச்சுட்டே திரிஞ்சே. அந்தப் படம் யாரு கதைய வச்சு வந்துச்சோ, அந்த மணத்தி கணேசன் நம்ம தூத்துக்குடி ஜில்லாக்காரருதான். 1994-ல ஹிரோஷிமா ஆசியப் போட்டியில தங்கம் வாங்கின டீமுல ஆடினவரு. அவரு பேரச் சொல்லு, எந்திரிச்சு நிக்கேன். ஆனா அவர வச்சு ஒனக்கு வக்காலத்து வாங்காத. அந்த டீமுக்குப் போனது நாடு பூராவுல இருந்து விரல் விட்டு எண்ணிருத ஆளுவதான். மத்தவன் எல்லாம் எங்க போனான்? போலீஸுக்குப் போனான், ரயில்வேக்குப் போனான், இ.பி.க்குப் போனான். போக முடியாதவன் நம்ம முக்குல ஒக்காந்து ஒனக்கு டீ வாங்கித் தாரான்.

போலீஸு வேலையச் சொல்லுதேன் கேளு. எஸ்.ஐ.க்கும் சரி, ரெண்டாம் நிலைக் காவலருக்கும் சரி, ஆள் எடுக்கும்போது நூத்துக்கு 10 எடம் வெளயாட்டுக்காரனுக்கு. ரெண்டு பேரும் ஒரே டீமு, ஒரே கோப்பை, ஒரே சர்டிபிகேட்டுன்னு வச்சுக்க. ஒருத்தன் பத்தாவது பாஸு, ஒருத்தன் டிகிரி. கான்ஸ்டபிளுக்குப் பத்தாவது போதும். எஸ்.ஐ.க்கு டிகிரி கேப்பான். அப்புறம் என்ன, கார்னர்ல ஒனக்குக் கை கோத்து நின்ன பய ஜீப்புல எறங்குவான், நீ சல்யூட் அடிப்பே. ரயில்வேயிலயும் இதே கததான். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரின்னு படிக்கட்டு வச்சிருக்கான். நீ எவ்வளவு பாஞ்சு பாஞ்சு புள்ளி எடுத்தாலும் எந்தப் படியில நிக்கணும்ங்கத மார்க் ஷீட்டுதான் சொல்லும்.

அந்த சர்டிபிகேட்டு எது செல்லும்னாவது தெரியுமா ஒனக்கு? நாட்டுக்கு ஆடினா ஒரு பாரம், மாநிலத்துக்கு ஆடினா ஒரு பாரம், யூனிவர்சிட்டிக்கு ஆடினா மூணாம் பாரம். காலேஜுக்கும் காலேஜுக்கும் ஆடினது செலக்‌ஷனுக்கு ஒரு வாசல், அவ்வளவுதான். யூனிவர்சிட்டி டீமுல பேரு வந்து, தென்மண்டலப் போட்டிக்குப் போயி ஆடினாத்தான் அந்தப் பாரம் கைக்கு வரும். அதுக்கும் 25 வயசுக்கு மேல எடமில்ல, காலேஜுல படிச்சிட்டும் இருக்கணும். படிப்ப நிறுத்தின அன்னிக்கே ஒன் ஆட்டத்துக்கும் சீட்டுக் கிழிஞ்சுருது. இப்பச் சொல்லு, எது எதக் கெடுக்கு?

நீயோ தை மாசம் பொறந்தா ஊரு ஊராப் போயி லைட்டு வெளிச்சத்துல ஆடுதே. வேற டீமு பனியனப் போட்டுக்கிட்டு, வேற பேரக் குடுத்துக்கிட்டு. பரிசு ஒரு ஆட்டுக்கடா. கொண்டு வந்தே, சாப்பிட்டோம், ருசியாத்தான் இருந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஆட்டுக்கடாவுக்கு எந்த ஆபீஸ்லயும் பாரம் கெடையாது. அதுக்கு ஓ.டி.யும் கெடையாது. அந்தக் கட்டாந்தரையில முட்டி பேந்தா, காலேஜு கேக்காது, யூனிவர்சிட்டி கேக்காது, கடா குடுத்தவன் கண்டிப்பாக் கேக்கமாட்டான். மார்கழி, தையில ஊருக்கு ஒரு ராத்திரி போ, வேண்டாங்கல. சொந்தப் பேருல போ. பங்குனி பொறந்துட்டா சித்திரைப் பரீட்சை வாசல்ல நிக்கும். அப்புறம் ஆடக் கூப்பிடறவன் ஒனக்குச் சொந்தக்காரனா இருக்க மாட்டான்.

நீ படிக்கிற இதே பி.காம்-ஐத்தான் விஸ்வநாதன் ஆனந்தும் மெட்ராஸ் லயோலாவுல படிச்சாரு. பந்து போட்ட அஸ்வினும் இன்ஜினியரிங் முடிச்சவருதான். இதச் சொன்னா "அவங்க வசதி வேற தாத்தா"ங்கே. சரி, ஒத்துக்கிடுதேன். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு என்ன வசதி இருந்துச்சு? சின்னப் புள்ளையில பஸ்ஸு ஏறி ஒரு காலு நசுங்கிப் போச்சு. அம்மா காய்கறி வித்துக் காப்பாத்தினா. சேலத்துலயே ஒரு காலேஜுல பி.பி.ஏ. முடிச்சான். முடிச்சுட்டுத்தான் 2016-ல ரியோ பாராலிம்பிக்குக்குப் போயி 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினான். டோக்கியோவுல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம். ஒரு காலேஜையும் ஒரு கம்பியையும் தாண்டுறதுக்கு அவனுக்கு இருந்தது ஒரு நல்ல காலு. ஒனக்கு ரெண்டு இருக்கு; ரெண்டையும் டீக்கடை பெஞ்சுல நீட்டி வச்சிருக்கே.

அவ்வளவு தூரம் எதுக்கு, கீழத்தெருப் புள்ள ஒங்க காலேஜுலதான் வாலிபால் ஆடுது. காலையில கோலம் போட்டுட்டு, அம்மைக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு, கிரவுண்டுக்கு ஒனக்கு முன்னால வந்து நிக்கி. சாயங்காலம் இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வரலைன்னா ஊரே பேசும்; அதுக்குள்ள ஆடி, வந்து, அடுப்பப் பாத்து, எழுதி, பாஸும் பண்ணிருச்சு. அதுக்கு ஃபிளெக்ஸு வச்சீங்களால? அந்தப் புள்ளைக்கு மட்டும் நாளுக்கு 26 மணி நேரமா?

காலேஜுக்காரனையும் நான் விட்டுற மாட்டேன். அட்மிஷன் நோட்டீசு அட்டையில ஒங்க கபடி டீமு போட்டோதான். மேடையில பிரின்சிபாலு கோப்பைய வாங்கிக் கையில வச்சுட்டு ஒரு நிமிஷம் கேமராவப் பாத்தபடியே நிக்காரு. மறுநாள் கிளாஸுக்குப் போனா, "வாங்க ஸ்போர்ட்ஸ் ஸ்டார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா"ன்னு ஒரு வாத்தியாரு கேக்காரு. அட்டையில போட ஒன் மூஞ்சி வேணும், பெஞ்சுல ஒக்கார ஒன் மூஞ்சி வேண்டாம். டோர்னமென்ட்டுக்கு அனுப்பின காலேஜே விட்டுப்போன டெஸ்ட்ட மறுபடி வைக்க வேண்டாமா? வைக்கணும். கேளு. எழுதிக் கேளு. வாயால கேட்டா "பாக்கலாம்"பான்; எழுத்துல குடுத்தா ஒரு சீல் விழுந்தே ஆகணும். பி.டி. சாரையும் கூட்டிட்டுப் போ. ஸ்டாஃப் ரூமுல அவரு ஒனக்காகப் பேசலைன்னா, அடுத்த தடவ அவரு குண்டெறியக் கூப்பிடும்போது நீ எதுக்குப் பேசணும்?

ஒங்க அப்பன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன், கபடி இருக்கட்டும்னு. அவன் முணுமுணுப்பான். மார்க் ஷீட்டு எம் பெட்டியில இருக்க வரைக்கும் முணுமுணுப்போட நிக்கும்.

சரி, வர வெள்ளிக்கிழமை சோனல் மேட்ச்சுன்னியே, ஓ.டி. லெட்டர்ல பி.டி. சாரு கையெழுத்து வாங்கிட்டியா? வாங்கலியா? அப்ப நாளைக்கே வாங்கு. வேன் ஏறின பெறகு இல்ல, ஏறுறதுக்கு முந்தின நாளே அத எச்.ஓ.டி. மேசையில வச்சுட்டு, என்ன பாடம் நடக்கும்னு கேட்டு எழுதிட்டுப் போ. நொண்டாம நடந்து போ.